பிணவறையில் பணியாற்றுவோரின் மனத்தை யார் கவனிப்பது?

"தடயவியல் படித்தால் என்ன வேலை கிடைக்கும்?" எஸ்.பி.எம்., எஸ்.டி.பி.எம். தேர்வு முடிவுகள் வெளியாகும் பருவத்தில் மேற்கல்வி வழிகாட்டிகளிடம் கேட்கப்படும் கேள்விகளில் இதுவும் ஒன்றாகிவிட்டது. மருத்துவம், சட்டம், பொறியியல் என்று மட்டுமே கேட்டுக்கொண்டிருந்த நம் பெற்றோர் இப்போது இதையும் கேட்கிறார்கள். 2000ஆம் ஆண்டில் அமெரிக்காவில் தொடங்கி உலகமெங்கும் ஓடிய 'சி.எஸ்.ஐ.' தொலைக்காட்சித் தொடருக்கு இதில் பங்கு உண்டு. அந்தத் தொடரில் ஒரு மணி நேரத்துக்குள் கொலை நடக்கும், கைரேகை கிடைக்கும், மரபணு முடிவு வரும், குற்றவாளியும் பிடிபடுவான். பிணத்தைப் பார்த்தவரே துப்பாக்கியையும் எடுப்பார், விசாரணையும் அவரே நடத்துவார்.

இந்த ஆசையோடு பிள்ளை வந்து நிற்கும்போது வீட்டில் எழும் முதல் எதிர்ப்பு சம்பளத்தைப் பற்றியதல்ல. "பிணத்தோடு வேலையா?" என்பதுதான். சாவு வீட்டுக்குப் போய் வந்தால் தலைக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்ட பிறகே உள்ளே நுழையும் பழக்கம் நம்முடையது. நாள்தோறும் சாவைப் பார்த்துவிட்டு வருகிறவரை அந்த வீடு எப்படி ஏற்றுக்கொள்ளும்? நாளைக்குக் கல்யாணப் பேச்சு வரும்போது என்ன சொல்வது? பெற்றோர் மனத்தில் இவையெல்லாம் ஓடும். ஆனால் இவற்றைவிட முக்கியமான ஒரு கேள்வி கேட்கப்படாமலேயே போய்விடுகிறது. இந்த வேலை, அதைச் செய்பவரின் மனத்தை என்ன செய்யும்? மனம் பாதிக்கப்பட்டால் கவனிப்பதற்கு அங்கே என்ன ஏற்பாடு இருக்கிறது?

எங்கெங்கே வேலை?

மலேசியாவில் தடயவியல் என்பது ஒரே அலுவலகத்தின் வேலையல்ல. சவப் பரிசோதனை சுகாதார அமைச்சின் மருத்துவமனைகளில் நடைபெறுகிறது. கோலாலம்பூர் மருத்துவமனையில் தேசியத் தடயவியல் மருத்துவக் கழகம் இயங்குகிறது. நஞ்சு, போதைப்பொருள், இரத்தக் கறை, மரபணு ஆகியவற்றை ஆராய்வது பெட்டாலிங் ஜெயாவைத் தலைமையிடமாகக் கொண்ட இரசாயன இலாகா. சம்பவ இடத்தில் தடயம் எடுப்பது, கைரேகை, துப்பாக்கித் தோட்டா போன்றவை போலீஸ் படையின் தடயவியல் பிரிவைச் சேர்ந்தவை. கணினியிலிருந்தும் கைத்தொலைபேசியிலிருந்தும் சான்று எடுப்பவர்கள் தனி. சிங்கப்பூரில், 2001ல் அமைக்கப்பட்ட சுகாதார அறிவியல் ஆணையத்தின் கீழ் தடயவியல் மருத்துவமும் ஆய்வகமும் இயங்குகின்றன. அதன் பிணவறை ஊட்ரம் சாலைப் பகுதியில், சிங்கப்பூர் பொது மருத்துவமனை வளாகத்தில் இருக்கிறது.

தடயவியல் மருத்துவராக விரும்புபவர் முதலில் முழு மருத்துவராக வேண்டும். ஐந்து ஆண்டு மருத்துவப் படிப்பு, பிறகு பயிற்சி மருத்துவராகப் பணி, அதற்கும் பிறகு நோய்க்குறியியலில் நான்கு ஆண்டு முதுநிலைப் படிப்பு. பத்தாண்டுக்கு மேற்பட்ட பயணம் இது. ஆய்வகப் பக்கம் போக நினைப்பவருக்கு யு.கே.எம்., யு.எஸ்.எம். ஆகிய பல்கலைக்கழகங்களில் தடயவியல் அறிவியல் பட்டப்படிப்பு உண்டு. யு.எஸ்.எம்.மில் இது கிளந்தான், குபாங் கிரியான் வளாகத்தில் நடைபெறுகிறது. ஆனால் ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிட வேண்டும். ஆய்வகங்கள் சில, அவற்றில் வேலை இடங்களும் சில. தடயவியல் என்ற பெயர் பட்டத்தில் இருக்க வேண்டும் என்பதற்காகவே படிப்பதைவிட வேதியியலையோ உயிரியலையோ ஆழமாகப் படிப்பவருக்கு அந்த ஆய்வகக் கதவும் திறந்திருக்கும், வேறு பத்துக் கதவுகளும் திறந்திருக்கும். சோதனை முடிவை நீதிமன்றக் கூண்டில் நின்று தற்காக்க வேண்டியிருப்பதால் மலாய் மொழியிலும் ஆங்கிலத்திலும் தடுமாறாமல் பேசும் திறன் வேண்டும். இந்தத் தகுதியைப் பற்றி மாணவர்கள் பெரும்பாலும் நினைத்துப் பார்ப்பதே இல்லை.

இவர்களைத் தவிர இன்னொரு பெரிய கூட்டம் இருக்கிறது. உடலைத் தூக்கிக் கழுவி வைக்கும் பிணவறை உதவியாளர், தீயணைப்பு மீட்புப் படை வீரர், ஆம்புலன்சில் செல்லும் உதவி மருத்துவ அதிகாரி, பொதுத் தற்காப்புப் படையினர், 999 எண்ணுக்கு வரும் அலறலை முதலில் காதில் வாங்கும் தொலைபேசிப் பணியாளர் ஆகியோர். எந்தத் தொடரும் இவர்களைக் கதாநாயகர்களாக்குவதில்லை. பாரத்தில் பெரும் பங்கு இவர்கள் தோளில்தான் விழுகிறது.

பத்தாங் காலியும் எம்.எச்.17ம்

2022 டிசம்பர் 16 விடியற்காலையில், கெந்திங் மலைக்கு அருகே பத்தாங் காலிப் பகுதியில் முகாமிட்டு உறங்கிக்கொண்டிருந்த குடும்பங்கள்மீது மலைச்சரிவு மண் இறங்கியது. 31 பேர் உயிரிழந்தார்கள். அது பள்ளி விடுமுறைக் காலம். இறந்தவர்களில் சிறு பிள்ளைகளும் இருந்தார்கள். தேடும் பணி ஒன்பது நாள் நீடித்தது. முதல் நாளில் எஞ்சியிருந்த 'உயிரோடு யாராவது' என்ற நம்பிக்கை, நாளாக ஆக 'உடலாவது' என்று மாறியது. மண்ணைத் தோண்டியவர்களின் கைகள் அந்த மாற்றத்தைச் சுமந்தன. தோண்டியெடுத்த உடல்கள் சுங்கை பூலோ மருத்துவமனைக்குக் கொண்டுசெல்லப்பட்டபோது, அங்கே இருந்தவர்களின் வேலை தொடங்கியது.

அதற்கு முன்பு, 2014 ஜூலை 17ஆம் நாள், உக்ரேன் வான்வெளியில் எம்.எச்.17 விமானம் சுட்டு வீழ்த்தப்பட்டதை இந்த நாடு மறந்திருக்காது. விமானத்திலிருந்த 298 பேரும் மாண்டார்கள். அவர்களில் 43 பேர் மலேசியர். உடல்களை அடையாளம் காணும் பணி நெதர்லாந்தின் ஹில்வர்சம் நகரில் நடந்தது. மலேசிய வல்லுநர்களும் அதில் பங்கேற்றார்கள். ஆகஸ்டு 22ஆம் நாள் முதல் 20 மலேசியரின் உடல்கள் தாயகம் வந்து சேர்ந்தபோது நாடே ஒரு நிமிடம் அசையாமல் நின்றது. முடிவில் 298 பேரில் 296 பேர் அடையாளம் காணப்பட்டார்கள். இது சாதாரண வேலையல்ல. 1997 டிசம்பரில் பாலெம்பாங் அருகே மூசி ஆற்றில் விழுந்த சில்க்ஏர் விமானத்தில் இறந்த 104 பேரில் ஆறு பேரை மட்டுமே அடையாளம் காண முடிந்தது என்பதை நினைத்துப் பார்த்தால் இதன் அருமை புரியும்.

இந்த வேலை எப்படி நடக்கிறது? இன்டர்போல் 1984ல் வெளியிட்டுப் பின்னர் திருத்திவந்த வழிகாட்டிதான் உலகமெங்கும் அடிப்படை. உடலிலிருந்து கிடைக்கும் விவரம் இளஞ்சிவப்புப் படிவத்தில் எழுதப்படும். இறந்தவர் உயிரோடிருந்தபோது எப்படி இருந்தார் என்ற விவரம் மஞ்சள் படிவத்தில் எழுதப்படும். கைரேகை, பல், மரபணு ஆகிய மூன்றில் ஒன்றாவது பொருந்தினால்தான் பெயர் சொல்லப்படும். முகத்தைப் பார்த்து உறவினர் அடையாளம் காட்டுவதை மட்டும் நம்பிவிட மாட்டார்கள். துயரத்தில் இருக்கும் கண் தவறிவிடும், தவறிய சம்பவங்களும் உண்டு.

இந்த இரண்டு படிவங்களில் எது கடினமானது என்று கேட்டால், பலரும் இளஞ்சிவப்பு என்றுதான் நினைப்பார்கள். மஞ்சள் படிவத்தை நிரப்புகிறவர் ஒரு தாயின் எதிரே உட்கார்ந்திருக்கிறார். "உங்கள் மகளுக்கு மச்சம் இருந்ததா? பல் கட்டியிருந்தாரா? கடைசியாக என்ன உடை உடுத்தியிருந்தார்? அவர் பயன்படுத்திய பல்துலக்கி வீட்டில் இருக்கிறதா?" என்று ஒவ்வொன்றாகக் கேட்கிறார். தாய் இன்னும் 'இருக்கிறாள்' என்றே பேசிக்கொண்டிருப்பார். படிவத்தில் இறந்தகாலத்தில் எழுத வேண்டும். பிணவறையில் இருப்பவருக்கு முகக்கவசம் இருக்கிறது, கையுறை இருக்கிறது. மஞ்சள் படிவக்காரருக்கு ஒரு பேனாவும் ஒரு பெட்டி டிஷ்யூ தாளும் மட்டும்தான்.

எது உள்ளே இறங்குகிறது?

இரத்தமும் நாற்றமும்தான் இவர்களைப் பாதிக்கும் என்று வெளியில் இருப்பவர் நினைக்கிறார்கள். அவை பழகிவிடக் கூடியவை. பழகாதது வேறு. 1989ல் 'அயோவா' என்ற அமெரிக்கப் போர்க்கப்பலில் வெடிப்பு ஏற்பட்டு 47 கடற்படையினர் இறந்தார்கள். அந்த உடல்களைக் கையாண்ட தொண்டூழியர்களை ராபர்ட் உர்சானோ, கரோல் புல்லர்டன் ஆகியோர் தலைமையிலான ஆய்வாளர்கள் தொடர்ந்து கவனித்தார்கள். 1999ல் வெளியான அந்த ஆய்வு, இறந்தவரோடு தம்மை இணைத்துப் பார்ப்பதை ஆராய்ந்தது. 'இது நானாக இருந்திருக்கலாம்', 'இது என் குடும்பத்தில் ஒருவராக இருந்திருக்கலாம்', 'இது என் நண்பனாக இருந்திருக்கலாம்' என்ற எண்ணங்கள்தாம் அவை. கிடத்தப்பட்டிருப்பவரைத் தம் நண்பராக எண்ணியவர்களிடம் பிற்காலத்தில் மன அதிர்ச்சி நோய் மிகுதியாகக் காணப்பட்டது.

பிணவறை ஊழியர்கள் தங்களுக்குள் சொல்லிக்கொள்வதும் இதுவேதான். பத்து உடல்களைப் பார்த்துவிட்டுச் சாப்பிடப் போகிறவர், பதினோராவது உடலின் காலில் தம் பிள்ளை போடும் அதே பள்ளிக் காலணியைப் பார்த்ததும் நின்றுவிடுவார். சட்டைப் பையிலிருக்கும் கைத்தொலைபேசி திடீரென்று ஒலிப்பதும், திரையில் 'அம்மா' என்று வருவதும் உண்டு. அதனால்தான் அனுபவமிக்க மேலதிகாரிகள் புதியவர்களுக்கு ஒன்று சொல்லித்தருகிறார்கள். வேலைக்குத் தேவைப்படாத இடத்தில் முகத்தையும் கையையும் உற்றுப் பார்க்காதே, கடிதத்தையும் புகைப்படத்தையும் தேவைக்குமேல் படிக்காதே. இது கல்நெஞ்சமல்ல, நாளைக்கும் வந்து வேலை செய்வதற்கான வழி.

உடலையே பார்க்காமல் பாதிக்கப்படுகிறவர்களும் இருக்கிறார்கள். சிறுவர்களுக்கு எதிரான பாலியல் குற்றச் சட்டம் 2017ல் மலேசியாவில் நடப்புக்கு வந்தது. அத்தகைய வழக்குகளில் பறிமுதல் செய்யப்படும் கணினியில் இருக்கும் படங்களை யாராவது ஒருவர் ஒவ்வொன்றாகப் பார்த்து வகைப்படுத்தத்தான் வேண்டும். குளிர்சாதன அறையில் நாற்காலியில் உட்கார்ந்து செய்யும் வேலை என்பதால் மற்றவர்கள் இதைச் சுலபம் என்று நினைத்துவிடுகிறார்கள். இந்தப் பணியில் உள்ளோருக்கு உலகின் பல நாடுகளில் சில நடைமுறைகள் உண்டு. படத்தைச் சிறிதாக்கிக் கறுப்பு வெள்ளையில் பார்ப்பது, முதலில் ஒலியை அடைத்துவிட்டுப் பார்ப்பது, ஒலி தேவையென்றால் அதைத் தனியாகக் கேட்பது, ஒரே மூச்சில் இத்தனை நேரத்துக்குமேல் பார்ப்பதில்லை என்று வரையறுப்பது, வீட்டுக்குக் கிளம்பும் கடைசி ஒரு மணி நேரத்தில் இதைத் தொடாமல் வேறு வேலை செய்வது போன்றவை. இவற்றுக்குப் பெரிய செலவில்லை. மேலதிகாரி ஒருவர் உத்தரவு போட்டால் மறுநாளே நடைமுறைக்கு வந்துவிடும்.

இந்தப் பாதிப்பு உண்மையா, வெறும் மனப்பிரமையா என்று ஐயப்படுகிறவர்களுக்கு மருத்துவ உலகம் பதில் சொல்லிவிட்டது. அமெரிக்க உளமருத்துவச் சங்கம் 1980ல் 'பி.டி.எஸ்.டி.' எனப்படும் பேரதிர்ச்சிக்குப் பிந்திய மன உளைச்சல் நோயைத் தன் கையேட்டில் சேர்த்தது. 2013ல் வெளியான ஐந்தாம் பதிப்பு இன்னொரு படி சென்றது. அதிர்ச்சியான விவரங்களைப் பணியின் காரணமாகத் திரும்பத் திரும்ப எதிர்கொள்வதும் இந்நோய்க்குக் காரணமாகலாம் என்று அது கூறியது. அதற்கு எடுத்துக்காட்டாகக் காட்டப்பட்டவர்கள் இரு சாரார். மனித உடற்பகுதிகளைச் சேகரிக்கும் மீட்புப் பணியாளர்கள், சிறுவர் கொடுமை விவரங்களை மீண்டும் மீண்டும் பார்க்க வேண்டியிருக்கும் காவல் அதிகாரிகள். வீட்டில் தொலைக்காட்சியில் பார்ப்பது இந்தக் கணக்கில் சேராது. பணிக்காகத் திரையில் பார்ப்பது சேரும்.

அப்படியானால் இந்த வேலைக்குப் போகும் எல்லாருக்கும் நோய் வந்துவிடுமா? இல்லை. பெரும்பாலோர் நல்லபடியாகவே பணியாற்றி ஓய்வு பெறுகிறார்கள். இறந்தவருக்குப் பெயரைத் திருப்பிக் கொடுத்தோம், ஒரு குடும்பம் முறையாகக் காரியம் செய்ய முடிந்தது என்ற நிறைவு இவர்களுக்கு உண்டு. ஒரு சம்பவத்துக்குப் பிறகு சில நாள் தூக்கம் வராததும் காட்சி கண்முன் வந்துபோவதும் இயல்பு. ஒரு மாதம் கடந்தும் அது விடவில்லை, கனவில் வருகிறது, குறிப்பிட்ட சாலையைச் சுற்றிக்கொண்டு போகிறார், பிள்ளை சிரித்தால்கூட எரிச்சல் வருகிறது, எதைப் பார்த்தாலும் மரத்துப்போயிருக்கிறார் என்றால் அதுதான் மருத்துவரிடம் செல்ல வேண்டிய கட்டம். சிலர் இதை மதுவில் கரைக்கப் பார்ப்பார்கள், வேறு சிலர் இரட்டைப் பணி நேரம் கேட்டு வாங்குவார்கள். இரண்டாமவரை அலுவலகம் 'சுறுசுறுப்பானவர்' என்று பாராட்டிக்கொண்டிருக்கும்! இந்த நோய்க்குச் சிகிச்சை உண்டு என்பது பலருக்குத் தெரியாது. அதிர்ச்சி நினைவை மையப்படுத்தும் அறிவாற்றல் நடத்தைச் சிகிச்சை, இ.எம்.டி.ஆர். எனப்படும் கண்ணசைவுச் சிகிச்சை ஆகியவை பலன் தருவதாக நிறுவப்பட்டவை.

ஒரு நாள் பேச்சுப் போதுமா?

பேரிடர் முடிந்ததும் எல்லாரையும் ஓர் அறையில் உட்காரவைத்து, என்ன பார்த்தீர்கள், என்ன உணர்ந்தீர்கள் என்று ஒவ்வொருவரையும் சொல்லவைப்பது ஒரு முறை. அமெரிக்காவின் ஜெஃப்ரி மிட்சல் 1983ல் மீட்புப் பணியாளர்களுக்காக இதை வகுத்தார். இரண்டு மூன்று மணி நேரத்தில் முடிந்துவிடும், கோப்பிலும் 'செய்தாகிவிட்டது' என்று குறித்துக்கொள்ளலாம் என்பதால் பல நாடுகளில் இது வேகமாகப் பரவியது. ஆனால் சான்றுகளைத் திரட்டிப் பார்த்த காக்ரன் ஆய்வறிக்கை, ஒரே ஒரு முறை நடத்தும் இத்தகைய அமர்வு நோயைத் தடுப்பதில்லை, சிலருக்குத் தீங்காகவும் முடியலாம் என்று 2002ல் தெரிவித்தது. 2005ல் பிரிட்டனின் 'நைஸ்' அமைப்பும் இதை வழக்கமாகச் செய்ய வேண்டாம் என்றது. அந்த ஆய்வுகள் பெரும்பாலும் விபத்தில் சிக்கிய தனிநபர்களைப் பற்றியவை, சேர்ந்து பணியாற்றும் குழுக்களுக்கு அப்படியே பொருந்தாது என்று மிட்சல் தரப்பினர் வாதிடுகிறார்கள். அந்த விவாதம் முடிந்தபாடில்லை. ஆனாலும் ஒன்று உறுதி. பேச விரும்பாதவரைச் சம்பவம் நடந்த மறுநாளே கட்டாயப்படுத்திப் பேசவைப்பது உதவியாகாது.

அதற்குப் பதிலாக இன்று பரிந்துரைக்கப்படுவது உளவியல் முதலுதவி. உலகச் சுகாதார நிறுவனம் 2011ல் இதற்கு ஒரு கையேடு வெளியிட்டது. அதன் சாரம் மூன்று சொற்கள்: பார், கேள், இணை. யார் தளர்ந்திருக்கிறார் என்று பார்ப்பது, அவர் பேசினால் கேட்பது, பேசாவிட்டால் விட்டுவிடுவது, உணவு, உறக்கம், குடும்பம், மேல் உதவி ஆகியவற்றோடு அவரை இணைப்பது. கேட்பதற்கு மிகச் சாதாரணமாக இருக்கும். ஆனால் 14 மணி நேரம் மண்ணில் நின்றவருக்குச் சூடான மைலோ ஒரு குவளையும் காய்ந்த சட்டையும் கொடுத்து, "நாளைக்கு நீங்கள் வர வேண்டாம், நாளன்றைக்கு வாருங்கள்" என்று சொல்வதில் இருக்கும் பலம் பல அலுவலகங்களுக்கு இன்னும் தெரியவில்லை.

உலு கிள்ளானில் 1993 டிசம்பர் 11ல் ஹைலண்ட் டவர்ஸ் அடுக்குமாடி சரிந்து 48 பேர் மாண்ட பிறகுதான், மறு ஆண்டில் 'ஸ்மார்ட்' எனப்படும் சிறப்பு மீட்புக் குழுவை மலேசிய அரசாங்கம் அமைத்தது. இடிபாட்டில் நுழைவதற்குக் கருவியும் பயிற்சியும் வேண்டும் என்பதை அந்தத் துயரம் கற்றுத்தந்தது. இடிபாட்டிலிருந்து வெளியே வருகிறவரின் மனத்துக்கும் பயிற்சி வேண்டும் என்பதைக் கற்றுக்கொள்ள மேலும் பல காலம் ஆயிற்று.

இந்த விஷயத்தில் மிகவும் கைகொடுப்பது சக ஊழியர் ஆதரவு. அதே சீருடை, அதே நாற்றம், அதே இரவுப் பணி தெரிந்த ஒருவரிடம் பேசுவது எளிது. மலேசியாவில் பொதுச் சேவைத் துறை, 'அக்ராப்' என்ற பெயரில் அரசு ஊழியர்களிடையே சக வழிகாட்டிகளைப் பயிற்றுவிக்கும் திட்டத்தை நடத்துகிறது. சிங்கப்பூர்க் குடிமைத் தற்காப்புப் படையிலும் சக ஊழியர்களுக்குத் துணைநிற்கப் பயிற்சி பெற்ற வீரர்கள் இருக்கிறார்கள். இத்தகைய வழிகாட்டி மருத்துவரல்லர். 'இது நம்மால் ஆகாது, ஆலோசகரிடம் போகலாம், வா நானும் கூட வருகிறேன்' என்று சொல்லத் தெரிந்தவர். அந்தக் கடைசி வாசகம்தான் பலரை ஆலோசகர் அறை வரைக்கும் கொண்டுபோய்ச் சேர்க்கிறது.

வாய் திறக்காததற்குக் காரணம்

வசதி இருந்தும் பலர் போவதில்லை. ஏன்? பயம்தான். பெயர் கோப்பில் ஏறிவிடும், பதவி உயர்வு நின்றுவிடும், துப்பாக்கியைத் திரும்பப் பெற்றுவிடுவார்கள், நீதிமன்றத்தில் எதிர்த்தரப்பு வழக்கறிஞர் 'நீங்கள் மனநோயாளிதானே' என்று கேட்பார் என்ற பயம். 'இதைக்கூடத் தாங்க முடியாதவன் எதற்கு இந்த வேலைக்கு வந்தான்?' என்ற கேலிக்கும் பயம். ஆண்கள் மிகுதியாக உள்ள பிரிவுகளில் இந்தக் கேலி இன்னும் கூர்மையானது.

இங்கேதான் நிர்வாகத்தின் பொறுப்பு வருகிறது. மலேசியாவின் 1994ஆம் ஆண்டு தொழிலிடப் பாதுகாப்பு, சுகாதாரச் சட்டம், பணியாளரின் பாதுகாப்பு, சுகாதாரம், நலன் ஆகியவற்றை இயன்ற அளவில் உறுதிசெய்யும் கடமையை முதலாளிமீது சுமத்துகிறது. அரசாங்கச் சேவையும் அந்தச் சட்டத்துக்கு உட்பட்டதே. காசநோய்ப் பிணத்தை அறுக்கும்போது தகுந்த முகக்கவசம் கொடுக்காத மேலதிகாரியை எவரும் மன்னிக்க மாட்டார்கள். தொடர்ந்து ஆறு மாதம் ஒரே ஊழியரைச் சிறுவர் சவப் பரிசோதனைக்கே அனுப்பிக்கொண்டிருக்கும் மேலதிகாரியை மட்டும் ஏன் எவரும் கேள்வி கேட்பதில்லை? இரண்டும் பணியிட ஆபத்துதான். ஒன்றுக்குக் கவசம் துணியில் இருக்கிறது, மற்றொன்றுக்குப் பணிப் பட்டியலில் இருக்கிறது. இறந்தவர் ஊழியருக்குத் தெரிந்தவராக இருந்தாலோ, வீட்டில் அதே வயதுப் பிள்ளை இருந்தாலோ, 'இது வேண்டாம்' என்று சொல்லும் உரிமையும், அப்படிச் சொன்னவரைப் பின்னர் குத்திக்காட்டாத பண்பும் பிணவறையில் இருக்க வேண்டும்.

எல்லாரையும் ஆண்டுக்கு ஒருமுறை ஆலோசகரைச் சந்திக்க வைப்பது நல்லதொரு வழி. எல்லாரும் போகும்போது 'இவர் மட்டும் ஏன் போகிறார்?' என்ற கேள்வியே எழாது. இயக்குநரும் போக வேண்டும், உடல் கழுவுபவரும் போக வேண்டும். ஒப்பந்த ஊழியரும் துப்புரவுப் பணியாளரும் இந்தப் பட்டியலில் விடுபட்டுப் போகிறார்கள் என்பதையும் சொல்லத்தான் வேண்டும். அந்த அறையின் தரையைக் கழுவுகிறவரும் அதே காட்சியைத்தான் பார்க்கிறார்.

மலேசியாவில் ஆலோசகராகப் பணிபுரிய 1998ஆம் ஆண்டு ஆலோசகர் சட்டத்தின்கீழ் பதிவும் தொழில் அனுமதிச் சான்றிதழும் வேண்டும். சந்திக்கச் செல்பவர், 'நான் சொல்வது என் மேலதிகாரிக்குப் போகுமா? எந்தெந்த நிலையில் மட்டும் போகும்?' என்று முதல் அமர்விலேயே கேட்டுத் தெரிந்துகொள்ளலாம். நல்ல ஆலோசகர் இந்தக் கேள்விக்குக் கோபித்துக்கொள்ள மாட்டார். இன்னொரு மாற்றமும் நடந்திருக்கிறது. தற்கொலைக்கு முயன்றவரைக் குற்றவாளியாக்கிய தண்டனைச் சட்டம் 309ஆம் பிரிவு மலேசியாவில் 2023ல் நீக்கப்பட்டது. சிங்கப்பூரில் அத்தகைய சட்டம் 2020ல் நீக்கப்பட்டது. உதவி கேட்டால் போலீஸ் கேஸ் ஆகிவிடுமோ என்று சீருடைக்காரரே அஞ்சிக்கொண்டிருந்த நிலை அதோடு போயிற்று.

நேர்முகத் தேர்வில் கேட்கலாமா?

தாராளமாகக் கேட்கலாம். பட்டம் வாங்கிய இளைஞர் வேலைக்கு நேர்முகத் தேர்வுக்குப் போகும்போது, கடைசியில் 'உங்களுக்கு ஏதாவது கேள்வி உண்டா?' என்பார்கள். பெரும்பாலோர் 'இல்லை' என்று எழுந்து வந்துவிடுகிறார்கள். அந்த நேரத்தில், புதியவருக்கு முதல் ஆறு மாதம் யார் துணையாக இருப்பார், கடினமான சம்பவத்துக்குப் பிறகு இங்கே என்ன நடைமுறை, பணிச் சுழற்சி எத்தனை மாதத்துக்கு ஒருமுறை என்று கேட்கலாம். பதில் சொல்பவரின் முகமே பாதி விவரத்தைத் தந்துவிடும். அதற்கு முன்பாக, படிக்கும் காலத்திலேயே பயிற்சிக்காக ஒரு பிணவறையிலோ ஆய்வகத்திலோ சில வாரம் இருந்து பார்ப்பது நல்லது. முதல் நாள் மயங்கி விழுந்தவர் பின்னாளில் சிறந்த ஊழியராக வருவதுண்டு. எந்தச் சலனமும் இல்லாமல் நின்றவர் ஓராண்டில் விலகிவிடுவதும் உண்டு. முதல் நாளை வைத்து முடிவெடுத்துவிடக் கூடாது. மூன்றாவது வாரத்தில் தூக்கம் எப்படி, சாப்பாடு எப்படி என்று பார்க்கலாம்.

ஏற்கெனவே பல ஆண்டு பணியாற்றிக் களைத்தவருக்கு விலகுவதுதான் ஒரே வழி என்பதில்லை. தர நிர்ணயம், பயிற்சியளித்தல், சான்றுப் பொருள் பாதுகாப்பு, பல்கலைக்கழக விரிவுரை போன்ற பக்கங்களுக்கு மாறலாம். இடம் மாறுவதைத் தோல்வியாகப் பார்க்கும் மனப்பான்மையால்தான் சிலர் உடைந்துபோகும் வரை அதே மேசையில் நிற்கிறார்கள்.

வீட்டில் இருப்பவர்களுக்கும் சில சொற்கள். பணி முடிந்து வந்தவரிடம் வாசலிலேயே 'இன்றைக்கு எத்தனை பிணம்?' என்று கேட்க வேண்டாம். வழக்கு விவரங்களைச் சொல்ல அவருக்கு அனுமதி கிடையாது, சொல்லவும் மனம் வராது. வந்ததும் குளிக்கிறார், கொஞ்ச நேரம் தனியே உட்கார்கிறார் என்றால் விட்டுவிடுங்கள். நம் வீடுகளில் சாவு வீட்டுக்குப் போய் வந்தவருக்கு விதித்திருக்கும் அந்தக் குளியல் இவருக்கும் பயன்படத்தான் செய்கிறது. தீட்டுக்காக அல்லாமல், பணியிலிருந்து வீட்டுக்குள் நுழையும் ஒரு வாசற்படியாக. ஆனால் அந்தத் தனிமை வாரக்கணக்கில் நீண்டால், அவர் கைவிட்ட காற்பந்தையும் கோயில் பஜனையையும் குடும்பத்தினர்தான் முதலில் கவனிப்பார்கள். அலுவலகத்துக்குத் தெரிவதற்கு வெகு முன்பே அது மனைவிக்கோ கணவருக்கோ தெரிந்துவிடுகிறது. 'உங்களுக்கு என்ன ஆயிற்று?' என்று கேட்பதைவிட, 'போன மாதத்திலிருந்து நீங்கள் சரியாகத் தூங்கவில்லை, நான் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறேன்' என்று சொன்னால் பேச்சு எளிதாகத் தொடங்கும்.

பணியிடத்தின் மூலம் உதவி பெறத் தயங்குகிறவர்கள் வெளியில் நாடலாம். மலேசிய சுகாதார அமைச்சின் 'ஹீல்' உதவித் தொலைபேசி எண் 15555. பிஃபிரண்டர்ஸ் கோலாலம்பூர் அமைப்பின் எண் 03-7627 2929. சிங்கப்பூரில் எஸ்.ஓ.எஸ். அமைப்பை 1767 என்ற எண்ணில் அழைக்கலாம். எங்கே வேலை செய்கிறார், என்ன பதவி என்பதையெல்லாம் அழைப்பவர் சொல்ல வேண்டியதில்லை.